கப்பலில் வரும் குளிர்ச்சரக்கு: டர்பன் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கிளியரிங் (சுங்கத்திலிருந்து சரக்கை விடுவிக்கும்) வேலை பார்த்து, பிறகு சொந்தமாக உறைந்த உணவு இறக்குமதி செய்து, இரண்டிலும் சூடுபட்டவன் நான். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர்களும், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து தொழில் தொடங்குபவர்களும் வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இனி கூப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

ரீஃபர் கண்டெய்னரில் ஏற்றிவிட்டால் சரக்கு தானாக உறைந்துவிடும் அல்லவா?

உறையாது. பாதிப் பேர் பணத்தை இழப்பது இந்த ஒரு தப்பு எண்ணத்தால்தான். ரீஃபர் குளிரைக் காக்கும் பெட்டி. மைனஸ் 18 டிகிரியில் உள்ளே போன மீன் மைனஸ் 18-இல் வெளியே வரும். மைனஸ் 8-இல் போன மீன் நாள்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். அடுக்கின் நடுவில் மாட்டிக்கொண்ட அட்டைப்பெட்டி இன்னும் தாமதமாக இறங்கும். அதற்குள் கெட வேண்டியது கெட்டிருக்கும்.

காரணம் எளியது. குளிரூட்டும் எந்திரம் பெட்டியின் ஒரு முனையில் இருக்கிறது. குளிர்காற்று தரையில் உள்ள அலுமினியத் தண்டவாளங்களுக்கு இடையே ஓடி, சரக்கைச் சுற்றி மேலே ஏறி, கூரையை ஒட்டித் திரும்பி எந்திரத்துக்கு வருகிறது. உறைந்த சரக்கென்றால் அந்தக் காற்று ஒரு போர்வை மாதிரி வெளியிலிருந்து வரும் சூட்டை வாங்கிக்கொண்டு போனால் போதும். ஆகவே அட்டைப்பெட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்க வேண்டும். பழம், காய்கறி அப்படி இல்லை. அவை பறித்த பிறகும் மூச்சு விடுகின்றன, சூட்டை வெளியிடுகின்றன. காற்று ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளேயும் நுழைந்து வர வேண்டும். அதற்காகத்தான் பழப்பெட்டிகளில் துளைகள். மேல்பெட்டித் துளைக்கு நேராகக் கீழ்ப்பெட்டித் துளை இருக்க வேண்டும். உள்சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். “இன்னும் நாலு பெட்டிதானே” என்று அந்தக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் திரும்பும் காற்றின் கழுத்தை நெரிக்கிறீர்கள்.

என் முதல் கண்டெய்னர் தூத்துக்குடியிலிருந்து வந்த வஞ்சிரம். இங்கே கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. கப்பல் கம்பெனியைத்தான் முதலில் திட்டினேன். பிறகு எந்திரத்தின் பதிவைத் தரவிறக்கிப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். வெளியே தள்ளும் காற்று முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது. திரும்பி வரும் காற்று மட்டும் முதல் நாள் மைனஸ் 9, ஒன்பது நாள் கழித்துத்தான் மைனஸ் 18. சரக்கு ஏற்றும்போதே இளகியிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அனுப்பியவரின் லாரி வெயிலில் காத்திருந்ததாக அங்கிருந்த ஒரு தொழிலாளி பிறகு சொன்னார். கடலில் கழிந்த வாரங்கள் மீனை ஒன்றும் செய்யவில்லை. கரையில் கழிந்த இரண்டு மூன்று மணி நேரம் செய்துவிட்டது. அதற்குப் பிறகு, ஏற்றும் இடத்தில் மீனுக்குள் தெர்மாமீட்டர் குத்தி எடுத்த படம் வராமல் நான் முன்பணத்துக்கு மேல் ஒரு ரேண்ட் கூட அனுப்புவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு எத்தனை நாள் ஆகும்?

மும்பைப் பக்கத்து நவ சேவா துறைமுகத்திலிருந்து நேர்க்கப்பல் கிடைத்தால் இரண்டு, மூன்று வாரம். சென்னை, தூத்துக்குடியிலிருந்து என்றால் பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ பெட்டி கப்பல் மாறும். நாலிலிருந்து ஆறு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர்களில் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. அதுவும் ஐந்து வாரம் போலத்தான்! கப்பல் வேகம் கூடியிருக்கிறது, காத்திருப்பும் கூடியிருக்கிறது.

கப்பல் மாறும் துறைமுகத்தில் பெட்டி எத்தனை நாள் கிடக்கும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பெரிய கப்பல்களெல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, செங்கடல் பக்கமே போகாத நம் சரக்கும் தாமதமானது. கப்பல் மாறும் துறைமுகங்கள் நெரிந்தன. அதே சமயத்தில் டர்பனிலும் வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. பலத்த காற்று அடித்தால் இங்கே கிரேன்கள் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கூடுவதால் மட்டும் உறைந்த சரக்கு கெடுவதில்லை. 1882-இல் டுனெடின் என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து சுமார் ஐயாயிரம் உறைந்த ஆட்டுடல்களோடு 98 நாள் பயணம் செய்து லண்டன் சேர்ந்தது. கழிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. ஆனால் அந்தக் கப்பலில் உறைய வைக்கும் எந்திரமே இருந்தது. நம் பெட்டியில் அது இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன்.

எந்தச் சரக்குக்கு எத்தனை டிகிரி?

மீன், இறால், பரோட்டா, துருவிய தேங்காய், உறைந்த முருங்கைக்காய் எல்லாம் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே. ஐஸ்கிரீமுக்கு அது போதாது, மைனஸ் 25 பக்கம் வேண்டும். ஆப்பிளுக்குப் பூஜ்யத்தை ஒட்டி. திராட்சைக்கு அதற்கும் அரை டிகிரி கீழே. மாம்பழத்துக்கு ரகத்தைப் பொறுத்துப் பத்திலிருந்து பதின்மூன்று. வாழைக்குப் பதின்மூன்று, பதினான்கு. அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து, பழுக்கவே பழுக்காது. வீட்டில் வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கறுக்கவிட்டவர்களுக்கு இது தெரியும். குளிர் கூடக்கூட நல்லது என்பது மீனுக்குச் சரி, பழத்துக்குப் பொருந்தாது.

பதிவுத் தாளில் “18” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மைனஸ் குறி விடுபட்டால் எந்திரம் கேள்வி கேட்காமல் பதினெட்டு டிகிரியில் உங்கள் இறாலை இதமாக வைத்திருக்கும். “மைனஸ்” என்று எழுத்தாலும் எழுதச் சொல்கிறேன்.

பழம், காய்கறிக்கு இன்னொரு எண்ணும் உண்டு: காற்று மாற்றம். பெட்டியின் முகப்பில் சின்னத் திறப்பு ஒன்று இருக்கும். மணிக்கு இத்தனை கனமீட்டர் என்று திறந்து வைப்பார்கள். சிலர் அதைச் சதவீதத்தில் எழுதுகிறார்கள். “25 சதவீதம்” என்பதும் “25 கனமீட்டர்” என்பதும் ஒன்றில்லை. இந்தக் குழப்பத்தால் பழம் மூச்சுமுட்டி அழுகியதும் உண்டு, அளவுக்கு மீறிக் காய்ந்ததும் உண்டு. உறைந்த சரக்குக்குத் திறப்பை இறுக மூடிவிட வேண்டும்.

கறிவேப்பிலை, கீரை, பச்சை முருங்கைக்காய் கப்பலில் வருமா?

வராது. விமானத்தில் கொண்டுவரலாம், விலை கேட்டால் தலை சுற்றும். கறிவேப்பிலைக்கு எதற்கு இந்தப் பாடு? டர்பன் மண்ணில் அது களைபோல வளர்கிறது.

முழுக் கண்டெய்னருக்குச் சரக்கு இல்லை. இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். நாற்பது அடி ரீஃபரில் ஏறக்குறைய 67 கனமீட்டர் இடம், இருபது பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) போகும். இருபது அடிப் பெட்டியில் பாதிக்கும் குறைவான இடம். வாடகை மட்டும் பாதியாகக் குறையாது. ஆகவே பெரிய பெட்டியைப் பங்கு போடுவதே லாபம்.

யாரோடு பங்கு போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஒரு பெட்டிக்கு ஒரே வெப்பநிலைதான். உறைந்ததோடு உறைந்தது மட்டும். அதிலும் மீனையும் துருவிய தேங்காயையும் ஒரே பெட்டியில் நான் ஏற்றமாட்டேன். பிளாஸ்டிக் உறை சரியாக ஒட்டப்பட்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள், மீன் வாடை வீசும் தேங்காயைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் பாட்டியிடம் அதை யார் விளக்குவது? பழங்களில் சில, பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். கூட இருக்கும் காய் அதனால் மஞ்சளாகிவிடும். அவற்றையும் கலக்காதீர்கள்.

பங்காளியின் தாளில் ஒரு பிழை இருந்தால் உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும் என்பது கூடுதல் செய்தி.

எந்த மாதம் வரவழைப்பது நல்லது?

இதைக் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டுப் பயனில்லை, பஞ்சாங்கத்தைப் பாருங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஐந்தாறு தலைமுறையில் தமிழ்ப் பேச்சை விட்டிருக்கலாம், புரட்டாசியை விடவில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மீன் பெட்டிப் பக்கம் ஈ, காக்கை வராது. அப்போது வந்து இறங்கும் மீன் கண்டெய்னர் ஒரு மாதம் குளிர்கிடங்கில் உட்கார்ந்து உங்கள் லாபத்தைத் தின்னும். புரட்டாசி முடிந்த மறுநாள் மீன் இல்லாத கடைக்காரரும் தலையில் கைவைத்துக்கொள்வார். ஆக, மீன் அக்டோபர் முதல் வாரம் கடந்து கைக்கு வர வேண்டுமானால் ஆகஸ்டு கடைசியில் அங்கே கப்பல் ஏறியிருக்க வேண்டும். முருங்கைக்காய், பலாக்காய், தேங்காய், இடியாப்பத்துக்குக் கணக்கு நேர்மாறு: அவை செப்டம்பர் தொடக்கத்திலேயே அலமாரியில் இருக்க வேண்டும். அதற்கடுத்துத் தீபாவளி, பிறகு தைப்பூசக் காவடி விரதம்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

சரக்குக்குச் சரக்கு வேறு. உறைந்த மீனுக்கும் இறாலுக்கும் இங்கே கட்டாயத் தர விதிகள் உண்டு, என்.ஆர்.சி.எஸ். என்ற தேசிய ஒழுங்குமுறை அமைப்பு சோதிக்கும். இந்தியப் பக்கத்தில் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் அனுப்பலாம். இறைச்சி, பால் பொருள்கள் 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின்கீழ் வருகின்றன; பச்சைக் காய், பழங்கள் 1983-ஆம் ஆண்டு வேளாண் பூச்சிச் சட்டத்தின்கீழ். பனீர், நெய், கறி வைத்த சமோசா இவற்றையெல்லாம் “சாப்பாட்டுச் சாமான்” என்று பொதுவாக எழுதி நழுவிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதி தேவைப்படும் சரக்குக்கு அதைக் கையில் வாங்கிய பிறகே கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு எழுதிய விண்ணப்பம் குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிய கதை.

அதிகாரிகள் கெடுபிடி செய்கிறார்கள் என்று புலம்புபவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2017, 2018-இல் இந்த நாட்டில் பதப்படுத்திய இறைச்சியிலிருந்து லிஸ்டீரியா பரவி ஆயிரம் பேருக்கு மேல் நோயுற்று, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். உறைநிலையில் வளராது, சாகவும் சாகாது.

நடைமுறையில் பெட்டியை நிறுத்துவது பெரும்பாலும் அற்ப விஷயம்: சுகாதாரச் சான்றிதழில் 1,150 பெட்டி, இன்வாய்ஸில் 1,160. அல்லது ஒன்றில் “வஞ்சிரம்” என்பதன் அறிவியல் பெயர் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் இருக்கும். கப்பல் கிளம்பும் முன் எல்லாத் தாளின் நகலையும் வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்து, விரலை ஓட்டிப் படியுங்கள். ஒரு மாலை நேரம் போகும், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் மின்சாரம் போனால்?

துறைமுகத்திலும் கப்பலிலும் பெட்டியை மின்சாரத்தில் செருகி வைக்கிறார்கள். சாலையில் லாரியோடு டீசல் ஜெனரேட்டர் வரும். நான் பயப்படுவது செருகியைப் பிடுங்குவதற்கும் மறுபடி செருகுவதற்கும் நடுவில் உள்ள நேரத்துக்கு. நன்றாக உறைந்த முழுப் பெட்டி சில மணி நேரம் தாங்கும். பழம் அவ்வளவு தாங்காது. ஜெனரேட்டர் இல்லாத லாரி மலிவு என்று ஒருவர் சொன்னால், பெட்டி எத்தனை மணிக்குப் பிடுங்கப்படும், கிடங்கில் எத்தனை மணிக்குச் செருகப்படும் என்று கேளுங்கள்.

கிடங்கு பிடிக்கும்போது டீசல் எத்தனை நாளுக்கு இருப்பு என்று விசாரியுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் சாலைகள் மூடப்பட்டு, அதே மாதம் துறைமுகக் கணினிகளும் தாக்கப்பட்டு வேலை நின்றது. அடுத்த ஏப்ரலில் வெள்ளம். அந்த இரண்டையும் கண்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

கதவைத் திறக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

திறப்பதற்கு முன்பே பாருங்கள். முத்திரை எண்ணையும் எந்திரத்தின் முகப்பில் ஒளிரும் வெப்பநிலையையும் படமெடுங்கள். பிறகு எந்திரத்தை நிறுத்திவிட்டுத் திறங்கள். ஓடவிட்டுத் திறந்தால் டர்பனின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக் குழாய்களில் பனியாகக் கட்டிக்கொள்ளும்.

திறந்ததும் கண்ணுக்கு முன் மூக்கு வேலை செய்யட்டும். அடுத்துக் கீழ்வரிசைப் பெட்டிகள். சரக்கு வழியில் இளகியிருந்தால் அடிப்பெட்டியின் மூலை நசுங்கி, அட்டை நனைந்து காய்ந்த கோடு தெரியும். தரைத் தண்டவாளங்களுக்கு இடையே இளஞ்சிவப்புப் பனிக்கட்டி உறைந்திருந்தால் அது மீன் விட்ட தண்ணீர். அதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை. இறால் பொட்டலத்தைக் குலுக்குங்கள். தனித்தனியாக உறைய வைத்த இறால் சோழியைக் குலுக்கியதுபோல் சலசலக்க வேண்டும். ஒரே கட்டியாகக் கைக்கு வந்தால் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. தேங்காய்ப் பொட்டலத்தில் ஒரு முனையில் பனிக்கட்டியும் மறுமுனையில் வறண்ட துருவலும் பிரிந்து நின்றாலும் அதே கதைதான்.

கதவோரப் பெட்டியை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கதவோரம், நடு, எந்திரத்தை ஒட்டி என்று மூன்று இடத்தில் இரண்டு அட்டைப்பெட்டிக்கு நடுவே கம்பியைச் செருகிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மீனில் துளையிட்டு உள்ளே வைத்துப் பாருங்கள்.

பத்து கிலோ இறால் வாங்கினால் எட்டு கிலோதான் தேறுகிறது. ஏமாற்றா?

இறால் காய்ந்துபோகாமலிருக்க அதன்மேல் மெல்லிய பனிப்பூச்சு ஏற்றுவார்கள். அது தேவையானதுதான். தண்ணீரை இறால் விலைக்கு விற்பதுதான் ஏமாற்று. பனிப்பூச்சு நீங்கிய நிகர எடை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சரக்கு கெட்டு வந்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

எந்த இன்ஷூரன்ஸ் என்பதைப் பொறுத்தது. சி.ஐ.எஃப். முறையில் (சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் வாடகையும் சேர்த்து) வாங்கினால் விற்பவரே காப்பீடு எடுப்பார் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த முறையில் அவர் எடுக்கக் கடமைப்பட்டது மிகக் குறைந்த வகைக் காப்பீடு மட்டுமே: கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் வரும், குளிரூட்டும் எந்திரம் நின்று மீன் நாறினால் வராது. உறைந்த உணவுக்கென்று தனி விதிகள் கொண்ட காப்பீடு இருக்கிறது. அதிலும் ஒரு வகையில், எந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் இழப்பீடு. என் வஞ்சிரத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை, எந்திரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையே!

கெட்டுப்போனது தெரிந்தால் முதலில் டெலிவரித் தாளில் குறிப்பெழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெளிப்படையாகத் தெரியாத சேதத்துக்கு மூன்று நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கு என்றால் ஓராண்டுக்குள். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இந்தக் கெடுக்கள் இருக்கும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் குப்பைக்கு அனுப்பாதீர்கள். நாற்றம் தாங்காமல் அள்ளிக் கொட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆதாரமும் லாரியோடு போய்விட்டது.

டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் ஒன்றா?

இரண்டும் தாமதக் கட்டணம், ஆனால் வேறு வேறு. பெட்டி துறைமுகத்துக்குள் அதிக நாள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய்க் காலிப் பெட்டியைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். ரீஃபருக்கு இலவச நாள்கள் குறைவு, மின் இணைப்புக் கட்டணம் தனி. சோதனைக்கென்று பெட்டி நின்றாலும் மீட்டர் ஓடும்.

இங்கிருந்து இந்தியாவுக்குப் பழம் அனுப்பலாமா?

அனுப்புகிறார்கள், ஆப்பிள், பேரிக்காய், ஆரஞ்சு எல்லாம் போகின்றன. ஏற்றுமதியாகும் அழியும் பொருள்களைச் சோதிக்க இங்கே பி.பி.இ.சி.பி. என்ற வாரியம் 1926-இலிருந்து இருக்கிறது. அவர்களுடைய ஆள் வெப்பநிலை பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பெட்டி கிளம்பாது. நான் முன்னே சொன்ன தெர்மாமீட்டர் விஷயத்தை இவர்கள் நூறு ஆண்டாகச் செய்துவருகிறார்கள். பூச்சி சாவதற்காகப் பழத்தைப் பல நாள் கடுங்குளிரில் வைக்கும் குளிர்ச் சிகிச்சை கேட்கும் நாடுகளும் உண்டு. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆரஞ்சுக்குப் புது விதி கொண்டுவந்தபோது பெட்டிகள் நடுக்கடலில் இருந்தன, பெரிய ரகளை ஆனது.

ஏப்ரல், மே தொடங்கி ஆரஞ்சுப் பருவத்தில் காலி ரீஃபருக்கு இங்கே அடிபிடி. அதனால் கப்பல் கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து காலி ரீஃபர்களை இங்கே கொண்டுவர ஆவலாக இருக்கும். சும்மா வருவதற்குப் பதில் எந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே சாதாரணச் சரக்கை மலிவு வாடகைக்கு ஏற்றுவார்கள். அரிசி, பாத்திரம் இறக்குமதி செய்பவர்கள் இதை விசாரிக்கலாம். மலிவு என்று அதில் மீன் போட்டு அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். கேட்டவர் இருக்கிறார்.

எந்தத் தெர்மாமீட்டர் வாங்குவது?

மெல்லிய எஃகுக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர். துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டுவது மேலட்டையின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் மீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வாங்கிய அன்றே ஒரு டம்ளரில் நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கி, கம்பி நுனியை நடுவில் வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் ரசீதோடு போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.